ஹானாவின் நான்கு பக்கங்கள்

லோறன்சியன் தமிழ் நாடகப் பேரவையின் மகளிர் பிரிவுக்கு ஒன்பது வருடமாகப் பொறுப்பாக இருப்பவர் மகேந்திரராசா. இதில் பேரவைக்குள் யாருக்கும் ஒரு வில்லங்கமும் தெரிந்ததில்லை. பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், வந்து சமைக்கிறார்கள், பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு ஏற்றி இறக்குகிறார்கள். தங்கள் குறைகளைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க அவர்களுக்கு நேரம் ஏது? மகேந்திரராசாவுக்கு நேரம் இருந்தது. ஆகவே அவர் யோசித்தார். ஆண்டறிக்கை தோறும் "மகளிர் பிரிவு இவ்வாண்டும் சிறப்பாகச் சிற்றுண்டி வழங்கியது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

இப்படிப்பட்ட பேரவையிலிருந்து தொலைபேசி வந்தபோது சிசிலிக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். மொன்றியலில், டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையற்கூடத்தில் வேலை செய்பவள் அவள். மூடி நன்றாக இறுகியிருக்கும் பெட்டியைத்தான் முதலில் திறந்து பார்க்கவேண்டும் என்பது பன்னிரண்டு வருட அனுபவம். பேரவையின் செயலாளர் ஆனந்தராசாவோ தேனொழுகப் பேசினார்.

"தங்கச்சி, உங்கடை நாடகத்தைப் பேரவை ஏகமனதா ஏற்றுக்கொண்டிருக்கு. நீங்கள்தான் நெறியாளர்."

"எந்த நாடகம் அண்ணை?"

"அதுதான், நீங்கள் மொழிபெயர்த்துத் தந்த அந்த அமெரிக்க நாடகம்."

"வாசிச்சனீங்களோ?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "நல்ல தலைப்பு" என்றார் ஆனந்தராசா.

அந்தப் பிரதியை அவள் கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கும் முந்தி, வளர்ந்தோர் கல்லூரியில் கணினி வகுப்பு நிரம்பிவிட்டபடியால், மிச்சமிருந்த 'நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்க நாடகம்' என்ற வகுப்பில் அவளைப் போட்டுவிட்டார்கள். போனதற்குப் பிழையில்லாமல் ஒவ்வொரு நாடகமாக வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுக்குச் சந்தேகம் தட்டியது. மேடையில் இந்தப் பெண்கள் என்னதான் செய்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள். கதவு திறக்கிறார்கள். கோப்பி கொண்டுவருகிறார்கள். யன்னலடியில் நின்று வெளியே பார்க்கிறார்கள். கொஞ்சம் வாய் காட்டினால் கடைசி அங்கத்தில் இருமிச் சாகிறார்கள், அல்லது அழுதுகொண்டு வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். எழுதியவர் ஆண் என்றால் இது அநேகமாகத் தவறுவதில்லை. கொப்பியைப் பார்த்த ஆசிரியை, "இதற்குப் பெயர் பெண்ணிய விமர்சனம்" என்று பச்சை மையில் எழுதினார். தனக்குப் பட்டதை எழுதியதற்கு இவ்வளவு பெரிய பெயரா என்று சிசிலி அதையும் கொஞ்சம் சந்தேகித்தாள்.

அந்த வகுப்பில்தான் 'வரவேற்பறை' கையில் கிடைத்தது. பேர் தெரியாமல் போன ஒரு பெண் எழுதிய ஓரங்க நாடகம். கோதுமை விளையும் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சபையின் ஆண்கள் நான்கு பேர் வியாழக்கிழமை தோறும் ஹானா என்பவளின் வீட்டு வரவேற்பறையில் கூடுவார்கள். அவளுடைய கணவனும் அவர்களில் ஒருவன். அன்றைக்கு அவர்கள் ஒரு ஆசிரியையை வேலையால் நிறுத்த வந்திருக்கிறார்கள். அவள் சைக்கிள் ஓடுகிறாள், பெண்பிள்ளைகளுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறாள், அதுதான் குற்றம். ஹானா கோப்பி கொண்டுவருகிறாள், போகிறாள், மறுபடி கொண்டுவருகிறாள். கடைசியில் தட்டை வைத்துவிட்டு நான்கு பக்கத்துக்குப் பேசுகிறாள். பேசி முடித்துச் சாகவில்லை, வீட்டை விட்டுப் போகவும் இல்லை. வந்திருந்த ஆண்களை எழும்பிப் போகச் சொல்கிறாள்.

அந்த நான்கு பக்கத்தையும் வாசித்த அன்று சிசிலி பஸ்ஸில் தன் தரிப்பைத் தவறவிட்டு மூன்று தரிப்புத் தள்ளி இறங்கினாள். பிறகு எட்டு மாதம் இருந்து யாழ்ப்பாணப் பேச்சில் மொழிபெயர்த்தாள். அவள் பிறந்தது மன்னார் என்றாலும் மொன்றியலில் இருக்கும் தமிழரில் பெரும்பாலானோர் காதுக்கு அதுதான் ஏறும். ஒரு தமிழ்ப் பெண்ணின் வாயால், ஒரு மேடையில், அந்த நான்கு பக்கமும் வெட்டாமல் கொத்தாமல் ஒருமுறை கேட்கவேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இரண்டு வருடம் தூங்கிய பேரவை ஏன் திடீரென்று முழித்தது என்பதை அவள் கணவன் ஜெராட் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவர்களுக்குத் தெரியாத ஊர்ப்புதினம் கிடையாது. மேற்குக்கரை அரங்க நட்பு வட்டம் என்று பிரெஞ்சுக்காரர்களின் அமைப்பு ஒன்று, சுழலும் விளக்கும் வெல்வெட் திரையும் உள்ள தன் மண்டபத்தைச் சின்னச் சமூகங்களுக்குக் கொடுக்கப்போகிறதாம். விண்ணப்பத்தில் கேட்டிருப்பது பெண்களைப் பற்றிய நாடகமும் ஒரு பெண் நெறியாளரும். பிடித்துப்போனால் வருடா வருடம் மேடை.

"படிவத்திலை ஒரு கட்டம் இருக்கு. அந்தக் கட்டத்துக்குத்தான் உன்னைத் தேடுகினம்" என்றான் ஜெராட்.

"தெரியும்."

"தெரிஞ்சும் போறியோ?"

"அந்தக் கட்டத்துக்குள்ளை நாலு பக்கம் வைக்கலாமெண்டால் போறன்."

முதல் கூட்டம் புவாண்ட்-கிளேரில், தலைவர் தியாகலிங்கத்தின் வீட்டில் நடந்தது. இருபத்தாறு வருடமாக எல்லாக் கூட்டமும் அங்கேதான். செயற்குழுவில் பதினொரு பேர். வரவேற்பறையில் பதினொரு கதிரை. சிசிலி சுவரோடு நின்றாள். தலைவரின் மனைவி சிவநேசம் தேத்தண்ணித் தட்டோடு வந்தவர், தட்டை ஆனந்தராசாவின் மடியில் வைக்காத குறையாக நீட்டிவிட்டு, குசினிக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் முக்காலி கொண்டுவந்து சிசிலிக்குப் போட்டார். ரொக்ஸ்பரோவில் ஒரு கார்டெரியில், பிரெஞ்சுக் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்க்கிற வேலை அவருக்கு. ஐம்பத்தெட்டு வயது. அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

தியாகலிங்கம் எழுந்து நின்று பேசினார். மூன்று பேர் இருந்தாலும் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"பெண் எண்டால் ஆர்? சக்தி! சக்தி இல்லாட்டில் சிவம் இல்லை. இதை உணர்ந்தபடியாலைதான் எங்கடை பேரவை பெண்களை ஒருநாளும் வருத்தினதில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டு வருத்தினதில்லை. வாக்குப் போடச் சொல்லி வருத்தினதில்லை. ஒரு பதவியைக் குடுத்து அந்தப் பாரத்தை அவையின்ரை தலையிலை ஏத்தினதில்லை. எல்லாப் பாரத்தையும் நாங்களே சுமந்தனாங்கள். உலகத்திலை எந்தப் பெண்ணிய இயக்கம் இந்தத் தியாகத்தைச் செய்திருக்கு, சொல்லுங்கோ பாப்பம்?"

எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டும் சத்தத்தில் சிவநேசம் வெற்றுக் கோப்பைகளைப் பொறுக்கினார்.

அன்றைக்கே 'பெண் பாத்திர மேம்பாட்டு உபகுழு' அமைக்கப்பட்டது. ஐந்து ஆண்கள். நெறியாளரை அதில் சேர்க்க முடியாது என்று ஆனந்தராசா வருத்தத்தோடு விளக்கினார். உபகுழு நெறியாளருக்கு ஆலோசனை சொல்லும் குழு, தனக்குத்தானே ஆலோசனை சொல்லிக்கொள்வது பேரவையின் யாப்புக்கு, அதாவது விதிக்கோவைக்கு, முரண். நெறியாளர் நடிக்கவும் ஏலாது, அதுவும் யாப்பு. ஹானாவாகத் தானே நடிக்கலாம் என்று மூன்று கிழமையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்திருந்த சிசிலி, முக்காலியில் இருந்தபடி வாயைத் திறந்து பிறகு மூடினாள். கூட்டக் குறிப்பில் "நெறியாளர் மகிழ்ச்சி தெரிவித்தார்" என்று எழுதப்பட்டது.

அடுத்த கிழமை உபகுழுவின் முதல் அறிக்கை வந்தது. யாப்பின் பதினாலாம் பிரிவுப்படி செயற்குழு உறுப்பினர் எவரையும் மேடையேற்றாமல் விடக்கூடாது. ஆகவே பள்ளிக்கூடச் சபையின் நான்கு ஆண்கள் பதினொருவர் ஆனார்கள். பதினொரு பேருக்கும் சமமாக வசனம் வேண்டும். ஓரங்க நாடகத்தில் அதற்கு இடம் எங்கே? மகேந்திரராசா ஏற்கனவே இடம் பார்த்து வைத்திருந்தார்.

"ஹானாவின்ரை நாலு பக்கத்தைக் கொஞ்சம் சுருக்கினால் எல்லாருக்கும் வசதி. ஒரு மகளிர் பிரிவுப் பொறுப்பாளரா நான் இதை மனவருத்தத்தோடைதான் சொல்லுறன். நீளமாக் கதைச்சால் அந்தப் பிள்ளைக்குத் தொண்டை கட்டிப்போடும்."

"எந்தப் பிள்ளைக்கு அண்ணை? இன்னும் ஆளே எடுக்கேல்லை" என்றாள் சிசிலி.

"ஆராயிருந்தாலும் தொண்டை தொண்டைதானே."

நான்கு பக்கம் இரண்டானது. ஆசிரியையின் சைக்கிள் போனது, பார்க்கிறவர்களுக்கு அது முக்கியமாகப் படலாம் என்பதால். பெண்பிள்ளைகளுக்கு அவள் வாசித்த பத்திரிகை தேவாரப் புத்தகமானது. தேவாரம் படிப்பித்தவளைப் பிறகு ஏன் வேலையால் நிறுத்தவேண்டும் என்று சிசிலி கேட்டாள். அதைக் கண்டறிய இன்னொரு உபகுழு நியமிக்கப்பட்டது.

மூன்றாம் கூட்டத்தில் ஒரு பெரிய ஆபத்தைத் தியாகலிங்கமே கண்டுபிடித்தார். ஹானாவின் கணவனாக நடிப்பவர் அவர். பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வீட்டுக்கு வந்த ஆக்களைப் பாத்து எழும்பிப் போங்கோ எண்டு சொல்லுறா. விருந்தாளியை! இது அமெரிக்காவிலை நடக்கலாம். தமிழ்ப் பெண் சொல்லுவளோ?"

"இது அமெரிக்காவிலைதான் அண்ணை நடக்குது" என்றாள் சிசிலி.

"ஆனால் தமிழிலை நடக்குதல்லோ?"

சிசிலி விடவில்லை. பையிலிருந்து தன் கொப்பியை எடுத்தாள். "அண்ணை, அந்தக் காலத்து நாடகங்களிலை வாய் திறந்த பொம்பிளை ஒண்டில் சாவாள், இல்லாட்டில் மன்னிப்புக் கேப்பாள். நான் இருபத்திரண்டு நாடகம் வாசிச்சனான். இந்த ஒண்டிலைதான் அவள் தன்ரை வீட்டிலை தானே நிக்கிறாள். மற்றவையைப் போகச் சொல்லுறாள். அதை வெட்டினால் இந்த நாடகத்திலை மிஞ்சிறது கோப்பிதான்."

வாசலில் தட்டோடு நின்ற சிவநேசம் சிசிலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை சிசிலிக்குப் பிடிக்கவில்லை. பிறகு மகேந்திரராசா, "நல்ல கருத்து. கோப்பியைத் தேத்தண்ணி ஆக்கலாம்" என்றார். ஏகமனதாக நிறைவேறியது.

ஹானா வேடத்துக்கு ஆள் தேடும் விஷயம் வந்தபோது எல்லோரும் கவலைப்பட்டார்கள். பதினொரு ஆண்களுக்கு நடுவில் பிற வீட்டுப் பெண் ஒருத்தி நிற்பதா? ஊர் என்ன கதைக்கும்? தலைவர் கணவனாக நடிக்கிறபடியால் தலைவரின் மனைவியே மனைவியாக நடித்தால் ஒரு பேச்சுக்கும் இடமில்லை என்று ஆனந்தராசா சொன்னார். அதைவிட, சிவநேசத்துக்குத் தட்டுத் தூக்கி இருபத்தாறு வருட அனுபவம் இருக்கிறது, ஒத்திகை அவசியமில்லை. "நான் வீட்டிலை சொல்லிவிடுறன்" என்றார் தியாகலிங்கம். சிவநேசம் அப்போது மூன்றடி தள்ளித்தான் நின்றார்.

சிசிலிக்கு விஷயம் பளிச்சென்று விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தாள். மனைவியைப் போட்டது கண்காணிக்கத்தான். இனித் தான் என்ன சொன்னாலும் அன்றைக்கே தலைவரின் காதுக்குப் போய்விடும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் சிவநேசம் அவளுடைய வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு டப்பாவில் பயத்தம் பணியாரம்.

"சிசிலி, நீர் முதல் எழுதின பிரதி இருக்கே? வெட்டாத பிரதி?"

"ஏன் அக்கா?"

"ஒருக்கா வாசிச்சுக் காட்டுமன். எனக்குக் கண் கொஞ்சம் மங்கல்."

கண் மங்கல் என்றவர் வாசலில் கிடந்த பிரெஞ்சு விளம்பரத் தாளைக் கடகடவென்று வாசித்து, இறைச்சி மலிவு என்று சொன்னதைச் சிசிலி கவனித்துவிட்டாள். ஆனாலும் வாசித்தாள். வேண்டுமென்றே வேகமாக, உணர்ச்சியே இல்லாமல், பொலிஸில் வாக்குமூலம் வாசிப்பது மாதிரி வாசித்தாள். சிவநேசம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இன்னொருக்கா" என்றார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும். "அந்த மூண்டாம் பக்கத்திலை, கதிரை துடைக்கிறது, அது திருப்பி ஒருக்கா." எதற்கு இந்த அக்கறை? உபகுழுவுக்கு அறிக்கை கொடுக்கத்தான் என்று சிசிலி முடிவு கட்டினாள். மொழிபெயர்ப்பில் இருந்த மிகக் கூர்மையான இரண்டு வரியை வாசிக்காமல் தாண்டியும் பார்த்தாள். சிவநேசம் கண்ணைத் திறந்து, "ரெண்டு வரி விட்டுட்டீர்" என்றார். சந்தேகம் உறுதியாகிவிட்டது.

இதற்கிடையில் இரண்டு பக்கம் அரைப் பக்கமாகி, அரைப் பக்கம் ஒரு வரியாகி, "எல்லாரும் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று நின்றது. கடைசிக் கூட்டத்தில் அந்த வரிக்கும் ஆபத்து வந்தது. அதில் 'போங்கோ' என்ற சொல் இருக்கிறது, விருந்தாளிகள் மனம் நோகலாம் என்று ஒருவர் எழும்பினார். தியாகலிங்கம் கையை உயர்த்தினார்.

"ஒரு வசனமும் வேண்டாம். அவ ஒரு பார்வை பாக்கட்டும். மௌனம்! பெண்ணின்ரை மிகப் பெரிய வசனம் மௌனம்தான். நாலு பக்கத்திலை அந்த அமெரிக்கப் பொம்பிளை சொல்ல ஏலாமல் போனதை எங்கடை பேரவை ஒரு பார்வையிலை சொல்லப்போகுது. இதுதான் பெண்ணியத்தின்ரை அடுத்த கட்டம்."

கூடம் அதிரக் கை தட்டினார்கள். சிசிலி எழும்பினாள்.

"அப்ப என்ரை பிரதியைத் தாருங்கோ. நான் போறன்."

"தங்கச்சி, ஏற்றுக்கொள்ளப்பட்ட பிரதி பேரவையின்ரை சொத்து. ஒன்பதாம் பிரிவு" என்றார் ஆனந்தராசா. விலகவும் முடியாது, நெறியாளர் விலகுவதென்றால் உபகுழுவின் சிபாரிசு தேவை, உபகுழு அடுத்த மாதம்தான் கூடும். அவள் மறுபடி முக்காலியில் இருந்தாள். எட்டு மாத உழைப்பு ஒரு வெறும் பார்வையாக முடியப்போகிறது. பேருந்தில் வரும்போது ஒரு முடிவுக்கு வந்தாள். அன்றைக்கு நான்கு பக்கத்தையும் பையில் கொண்டுபோவது. சிவநேசம் பார்வை பார்த்து முடிந்ததும் தானே மேடையில் ஏறி வாசித்துவிடுவது. இழுத்து இறக்கினால் இறக்கட்டும். இதை அவள் ஜெராட்டுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு விழா. ஐந்தரைக்கு மண்டபத்தை ஒப்படைக்கவேண்டும். நட்பு வட்டத்திலிருந்து மதாம் லூசி என்ற வெள்ளைக்கார அம்மா முன்வரிசையில் குறிப்புப் புத்தகத்தோடு வந்து இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. சிசிலி மொழிபெயர்த்துக் கொடுத்திருந்த ஒரு பக்கக் கதைச் சுருக்கம் கையில் இருந்தது: ஆண்கள் கூடிப் பேசுகிறார்கள், பெண் பரிமாறுகிறாள், இறுதியில் பெண் பேசுகிறாள்.

திரை விலகியது. மேடையில் பதினொரு கதிரை, பதினொரு ஆண்கள். முதலில் மங்கள விளக்கு. மண்டபத்துக்குள் நெருப்புக் கூடாது என்றபடியால் பற்றரி விளக்கு. பற்றரி விளக்கைப் பதினொரு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, பற்றாத மெழுகுதிரியால் பயபக்தியோடு ஏற்றினார்கள். அடியில் இருந்த மின் ஆளியை மகளிர் பிரிவுப் பெண்ணொருத்தி குனிந்து ஒவ்வொரு முறையும் அமத்தினாள். பிறகு ஆசியுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை. பிறகு பொன்னாடை. தலைவருக்குச் செயலாளர் போர்த்தினார், செயலாளருக்குப் பொருளாளர், பொருளாளருக்கு மகேந்திரராசா, இப்படியே சுற்றிவந்து கடைசி ஆளுக்குத் தலைவர் போர்த்தினார். பொன்னாடைகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு பெண்கள் வரிசையாக வந்து வரிசையாகப் போனார்கள். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்தார்கள். ஒலிவாங்கியின் உயரத்தைச் சரிசெய்தார்கள். மதாம் லூசி விடாமல் எழுதினார். ஓரிடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததையும் சிசிலி திரைக்குப் பின்னாலிருந்து கண்டாள்.

தலைமையுரையைத் தியாகலிங்கம் ஐம்பத்தைந்து நிமிடம் நிகழ்த்தினார். தலைப்பு: 'பெண் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது'.

முடியும்போது ஐந்து மணி. அமெரிக்கக் கோட்டும் தொப்பியும் மாற்ற நேரமில்லை. திரையை மூடித் திறக்கவும் நேரமில்லை. பதினொரு பேரும் இருந்த கதிரையில் இருந்தபடியே, பொன்னாடையோடு, பள்ளிக்கூடச் சபை ஆனார்கள். ஆசிரியையைப் பற்றி ஒவ்வொருவரும் தன் பங்கு வசனத்தைச் சொன்னார்கள். பேச்சு ஏற்கனவே நடந்த பேச்சின் தொடர்ச்சியாகவே இருந்தது. சனத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இருபது நிமிடத்தில் சிவநேசம் உள்ளே வந்தார். நீளப் பாவாடை, வெள்ளை ஏப்ரன், கையில் தட்டு.

பார்வை பார்க்கும் இடம் வந்தது. சிசிலி திரை ஓரத்தில் நான்கு பக்கத்தையும் எடுத்து ஒரு காலை முன்வைத்தாள்.

சிவநேசம் தட்டை நிலத்தில் வைத்தார்.

"நான் கொஞ்சம் கதைக்கவேணும்" என்றார்.

அது முதல் பக்கத்தின் முதல் வரி.

சிசிலி வைத்த காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் அந்த ரீச்சரை நிப்பாட்டப் போறியள். அவளை உங்களிலை ஆருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். என்ரை மகள் அவளிட்டைப் படிச்ச பிறகுதான் சாப்பிடேக்கை கேள்வி கேக்கத் தொடங்கினவள். அதுதானே உங்களுக்கு வருத்தம்?" குரல் முதலில் மெல்லிதாகத்தான் இருந்தது. இரண்டாம் பக்கத்துக்கு வரும்போது பின்வரிசைக்குப் போனது. சைக்கிள் திரும்பி வந்தது, பத்திரிகை திரும்பி வந்தது. "பதினேழு வருசமா வியாழக்கிழமை தோறும் இந்தக் கதிரையளை நான் துடைக்கிறன். ஆர் எந்தக் கதிரையிலை இருப்பியள், ஆர் சரிஞ்சு இருப்பியள், எல்லாம் எனக்குப் பாடம். எந்தப் பிள்ளை படிக்கவேணும், எந்தப் பொம்பிளை படிப்பிக்கவேணும், எல்லாம் இதிலை இருந்துதான் தீர்த்தியள். எனக்கும் ஒரு கதிரை போடவேணுமெண்டு ஒருத்தருக்கும் தோன்றேல்லை. முந்தி அது எனக்கு வருத்தமா இருந்தது. இப்ப கதிரை வேண்டாம். கதிரை முழுக்க என்ரைதான்."

"பார்வை, பார்வை" என்று தியாகலிங்கம் வாயசைத்தார். மறந்துபோய் வேறெதையோ பேசுகிறாள் என்று அவர் உண்மையாகவே நினைத்தார்.

சிசிலி கையில் இருந்த தாளில் வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு சொல் தவறவில்லை. தான் அன்றைக்கு வேண்டுமென்று தாண்டிய இரண்டு வரியும் வந்தபோது எழுத்து மங்கிவிட்டது. அழுகிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. எத்தனை சனிக்கிழமை இந்த மனுசியை உளவாளி என்று நினைத்து அளந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"இது என்ரை அப்பா எனக்கு எழுதித் தந்த வீடு. நீங்கள் நல்ல ஆக்கள். எழும்பிப் போங்கோ."

யாரும் எழும்பவில்லை. எழும்புவதாகத் திருத்திய பிரதியில் இல்லை. பதினொரு பேரும் பொன்னாடைக்குள் வேர்த்துக்கொண்டு இருந்தார்கள். தலைவர் எழும்பாமல் உறுப்பினர் எழும்புவது யாப்பு விரோதம். தலைவரோ கதிரையின் கைப்பிடியைப் பிடித்தபடி உறைந்துபோயிருந்தார். சிவநேசம் காத்துக்கொண்டு நின்றார். கடைசியில் இருபத்தாறு வருடப் பழக்கம் ஆனந்தராசாவைத் தன்னாலே எழுப்பியது.

"இத்துடன் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்றார்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் மற்றப் பத்துப் பேரும் எழும்பினார்கள். மூப்பு வரிசைப்படி, ஒருவரையொருவர் இடிக்காமல், மேடையை விட்டு இறங்கிப் போனார்கள். வெற்றுக் கதிரைகளுக்கு நடுவில் சிவநேசம் தனியே நின்றார். சமையற்கட்டுப் பக்கத்துக் கதவடியில் நின்ற மகளிர் பிரிவுப் பெண்கள்தான் முதலில் கை தட்டினார்கள். ரோல்ஸ் பொரித்த எண்ணெய்க் கையோடு தட்டினார்கள். பிறகு மண்டபமே எழும்பியது.

மதாம் லூசி மேடைக்குப் பின்னால் ஓடிவந்து தியாகலிங்கத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். பேரவையில் யாருக்கும் அவ்வளவு வேகமான பிரெஞ்சு ஏறாது. எல்லோரும் சிவநேசத்தைப் பார்த்தார்கள்.

"என்ன சொல்லுறா?" என்றார் தலைவர்.

சிவநேசம் ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார். "கடைசிக் காட்சி நல்லதாம். ஆனால் அதுக்கு முதல் மூண்டு மணித்தியாலம்தான் அற்புதமாம். பொம்பிளையளை வேலை வாங்கிக்கொண்டு பொம்பிளையளைப் பற்றியே பேசுற, தங்களுக்குத் தாங்களே துணி போர்த்துற, எரியாத விளக்கை ஏத்துற ஆம்பிளையளை இவ்வளவு துணிவா ஆரும் நக்கலடிச்சுத் தான் மேடையிலை கண்டதில்லையாம். வருசா வருசம் மேடை தருவினமாம். எப்பிடி இவ்வளவு தத்ரூபமா நடிச்சனீங்கள் எண்டு கேக்கிறா."

தியாகலிங்கம் பொன்னாடையைச் சரிசெய்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"பரம்பரையா வந்தது எண்டு சொல்லும்."

சிவநேசம் அதையும் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தார். மதாம் லூசி கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுப் போனார். மகேந்திரராசா உடனேயே ஆண்டறிக்கைக்கு ஒரு வரி யோசிக்கத் தொடங்கினார்.

சிசிலி ஓரமாக வந்து, "அக்கா, நான் உங்களைப் பிழையா நினைச்சிட்டன்" என்றாள்.

"தெரியும். அதாலைதான் அந்த ரெண்டு வரியையும் நல்லா மனசிலை வைச்சனான்" என்றார் சிவநேசம். குளிர்க் கோட்டை எடுத்துக் கையை நுழைத்தார். "உம்மடை காரிலை இடம் இருக்கே?"

"இருக்கு அக்கா. ஜெராட் காரோடை வெளியிலை நிக்கிறார்."

தியாகலிங்கம் அப்போதுதான் மனைவியின் பக்கம் திரும்பினார். அவருக்குக் கோபம் கூட வரவில்லை, உண்மையான ஆச்சரியம்தான்.

"உமக்கு இவ்வளவு கதைக்கத் தெரியுமெண்டு இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லையே. ஏன்?"

"நீங்கள் கதைச்சு முடியட்டும் எண்டு நிண்டனான்" என்றார் சிவநேசம்.

தியாகலிங்கம் தொண்டையைச் செருமி, அதற்கு ஒரு நீண்ட பதில் சொல்லத் தொடங்கினார். சிவநேசம் நிற்கவில்லை.